ஓம் கணக்கும் ஒலிபெருக்கியும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாச் சொற்பொழிவு வரிசையில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். கல்வி சிறந்தது என்பதை ஐயுறுவார் இவ்வவையில் எவரும் இலர். ஆகவே, கற்ற கல்வி கைத்தொழிலில் எவ்விடத்தில் வந்து உதவுகிறது என்பதை ஒரே ஒரு தொழிலைக் கொண்டு விளக்க இசைவு வேண்டுகிறோம். மோட்டார் காரில் ஆம்ப்ளிஃபயர் பொருத்தி, அதனோடு ஸ்பீக்கர்களையும் சப்ஊஃபரையும் இணைக்கும் வேலையே அத்தொழில்.

இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நம்மிடம் பயின்ற பிள்ளைகளுள் சிலர் கார் அலங்காரக் கடைகளில் வேலை செய்கின்றனர். இருக்கையைக் கழற்றுவதும், ஒயரை இழுப்பதும், கதவுப் பலகையைப் பொருத்துவதும் அவர்கள் கைக்கு எளிது. ஆயினும் ஆண்டுகள் பல கடந்தும் அவர்கள் ‘ஹெல்ப்பர்’ என்ற பெயரையும் ஹெல்ப்பர் கூலியையும் விட்டு மேலேறவில்லை. எந்த ஒயரை எதனோடு முடிய வேண்டும் என்பதைச் சொல்பவர் ஒருவர். அதன்படி முடிபவர் மற்றொருவர். வேலை நன்றாக அமைந்தால் பெயர் சொன்னவர்க்கு. ஏதேனும் புகைந்தால் பழி முடிந்தவர்க்கு. இந்நிலை மாற வேண்டுமாயின் முடிபவரே கணக்கையும் அறிந்தாக வேண்டும்.

வரலாறு படித்த தலைமையாசிரியர் மின்சாரம் பேசலாமோ என்று வினவுவோர் இருக்கலாம். நாம் சொல்லப்போகும் கணக்கு முழுவதும் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் அடங்கியதே. ஓம் விதி, தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்னும் மூன்றே அதன் அடிப்படை. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து தேர்வு முடிந்த மறுநாளே நாம் மறந்துவிடுகின்ற அப்பகுதிதான் ஒரு காரின் டிக்கியில் இசையாகவோ நெருப்பாகவோ வெளிப்படுகிறது.

ஸ்பீக்கரின் முதுகில் ‘4 ஓம்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஓம் என்றவுடன் மந்திரம் என்று எண்ணிவிடலாகாது. அது ஒரு மனிதரின் பெயர். கேயார்க் சைமன் ஓம் என்பவர் 1789இல் செருமனி நாட்டு எர்லாங்கன் நகரில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். அத்தந்தையார் பள்ளிப் படிப்பு வாய்க்கப் பெறாதவர். தாமே முயன்று கணிதமும் அறிவியலும் கற்று, அவற்றைத் தம் மக்களுக்கும் கற்பித்தார். மகன் பள்ளி ஆசிரியரானார். கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டே கம்பிகளில் மின்சாரம் ஓடும் முறையை ஆராய்ந்து, 1827இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அந்நாட்டு அறிஞர் பலர் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 14 ஆண்டுகள் கழித்து, 1841இல், இலண்டன் ராயல் கழகம் காப்ளே பதக்கம் அளித்து அவரைப் பெருமைப்படுத்தியது. இன்று மின்தடையை அளக்கும் அலகுக்கு உலகெங்கும் அவர் பெயரே வழங்குகிறது. பூட்டுத் தொழிலாளியின் வீட்டில் பிறந்த அறிவு இது என்பதை ஸ்பீக்கரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைவிற்கொள்க.

அவர் கண்ட விதி எளியது. ஊர் மேல்நிலைத் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டியின் உயரம் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட்டில் அளக்கிறோம். குழாயில் ஓடும் நீர் போன்றது மின்னோட்டம். அதனை ஆம்பியரில் அளக்கிறோம். குழாயின் குறுகல் போன்றது மின்தடை. அதனை ஓமில் அளக்கிறோம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். தடை பாதியாகக் குறைந்தால் ஓட்டம் இருமடங்காகும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். இனி வருவன எல்லாம் அதன் விரிவே.

ஸ்பீக்கரின் உள்ளே ஒரு காந்தமும், அதன் இடைவெளியில் அசையும் செப்புக் கம்பிச் சுருளும், சுருளோடு ஒட்டிய கூம்பும் உள்ளன. சுருளில் மின்சாரம் முன்னும் பின்னுமாகப் பாயக் கூம்பும் முன்னும் பின்னுமாக அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதுவே ஒலி. கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம் அளவின. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 3.2 முதல் 3.6 வரை காட்டும். மீட்டர் அளப்பது சுருளின் நேர்மின் தடையை மட்டுமே. இசை பாயும்போது தடை சற்று உயரும். ஆதலின் 3.4 எனக் கண்டு ஸ்பீக்கர் பழுது என்று ஒதுக்கிவிட வேண்டா.

காரில் ஏற்கனவே ஸ்டீரியோ இருக்கையில் தனியே ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்ற கேள்வி எழும். காரின் பாட்டரி 12 வோல்ட் என்பர். எஞ்சின் ஓடுகையில் ஆல்டர்னேட்டர் அதனை ஏறத்தாழ 14 வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்த 14 வோல்ட்டை மட்டுமே நம்பி இயங்கும் ஸ்டீரியோவால் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒலி சிதையாமல் ஏறக்குறைய 20 வாட் அளவே தர இயலும். அட்டைப் பெட்டியில் ‘50 வாட் பெருக்கல் 4’ என்று எழுதியிருப்பது நொடிப்பொழுது உச்சக் கணக்கு. சப்ஊஃபரின் பெரிய கூம்பை அசைக்க இது போதாது. தனி ஆம்ப்ளிஃபயர் தனக்குள் உள்ள மாற்றி ஒன்றினால் பாட்டரியின் அழுத்தத்தை மேலும் உயர்த்திக்கொண்டு பெரிய ஆற்றலை வழங்குகிறது. அவ்வாற்றல் வானத்திலிருந்து வருவதன்று. அத்தனையும் பாட்டரியிலிருந்து ஒயர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இதனைப் பிறகு விளக்குவோம்.

இனி இணைப்புக்கு வருவோம். திருவிழாவில் மைக் செட் கட்டுவோரை நீங்கள் அறிவீர்கள். அவர்களது ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் எனத் தனித்தனி முனைகள் இருக்கும். எத்தனை குழாய் கட்டுகிறோம், எந்த முனையில் முடிகிறோம் என்று அவர்கள் கணக்குப் பார்த்தே முடிவர். கார் ஆம்ப்ளிஃபயரில் அவ்வாறு முனைகள் இல்லை. ‘2 ஓமுக்குக் குறையாமல்’ என்றோ ‘பிரிட்ஜில் 4 ஓமுக்குக் குறையாமல்’ என்றோ எச்சரிக்கை மட்டுமே எழுதியிருக்கும். கணக்குப் பொருத்துபவரின் தலையில் இருக்க வேண்டும்.

தொடரிணைப்பில் தடைகள் கூடும். 4 ஓம் இரண்டைத் தொடராக இணைத்தால் 8 ஓம். பக்க இணைப்பில் தடை குறையும். 4 ஓம் இரண்டைப் பக்கமாக இணைத்தால் 2 ஓம். நான்கைப் பக்கமாக இணைத்தால் 1 ஓம். அளவு வேறுபட்ட இரண்டைப் பக்கமாக இணைத்தால் இரண்டின் பெருக்கற்பலனை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 4 ஓமும் 8 ஓமும் ஆயின் 32ஐ 12ஆல் வகுக்க ஏறத்தாழ 2.7 ஓம் கிடைக்கும்.

சப்ஊஃபர்களில் ஒரு கூம்புக்கு இரண்டு சுருள் உள்ள வகையும் உண்டு. அதன் உடம்பில் இரண்டு கூட்டல் முனைகளும் இரண்டு கழித்தல் முனைகளும் இருக்கும். ‘4 கூட்டல் 4 ஓம்’ என்று எழுதியிருந்தால் இரு சுருளையும் தொடராக்கி 8 ஓம் பெறலாம். பக்கமாக்கி 2 ஓம் பெறலாம். தொடராக்குவதற்கு, ஆம்ப்ளிஃபயரின் கூட்டல் முனையை முதற் சுருளின் கூட்டலிலும், முதற் சுருளின் கழித்தலை இரண்டாம் சுருளின் கூட்டலிலும், இரண்டாம் சுருளின் கழித்தலை ஆம்ப்ளிஃபயரின் கழித்தலிலும் முடிக. பக்கமாக்குவதற்கு, இரு கூட்டலையும் ஒன்றாகவும் இரு கழித்தலையும் ஒன்றாகவும் முடிக.

கடையில் வரக்கூடிய ஒரு நிலையை எண்ணிப் பார்ப்போம். 2 ஓம் வரை தாங்கும் ஒரு மோனோ ஆம்ப்ளிஃபயர். அதில் இரட்டைச் சுருள் கொண்ட 4 கூட்டல் 4 ஓம் சப்ஊஃபர் ஒன்று பக்க இணைப்பில், அதாவது 2 ஓமில், நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரர் பொங்கல் போனஸில் அதே போன்ற இன்னொன்றை வாங்கிவந்து, “தம்பி, இதையும் சேர்த்துவிடு” என்கிறார். கை மட்டும் பழகியவர் என்ன செய்வார்? முன்னதை எவ்வாறு முடிந்தாரோ அவ்வாறே பின்னதையும் முடிந்து, இரண்டையும் ஒரே முனையில் திணிப்பார். நான்கு சுருளும் பக்கமாகி, தடை 1 ஓமாகிவிடும். தடை பாதியாகவே ஓட்டம் இருமடங்கு. தொடக்கத்தில் ஒலி பெரிதாகவே கேட்கும். வண்டிக்காரரும் முதுகில் தட்டிப் பாராட்டுவார். சற்று நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் தொட முடியாமல் சுடும். நல்ல தயாரிப்பாயின் தானே நின்று சிவப்பு விளக்கைக் காட்டும். மலிவானதாயின் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் வெந்துபோகும்.

கணக்கு அறிந்தவர் ஒயரைத் தொடும் முன் ஒரு தாளை எடுப்பார். ஒவ்வொரு சப்ஊஃபரின் இரு சுருளையும் தொடராக்கினால் 8 ஓம். அந்த 8 ஓம் இரண்டையும் பக்கமாக்கினால் 4 ஓம். ஆம்ப்ளிஃபயருக்கு இடரில்லை. ‘ஐயா, இந்த இரண்டையும் வைத்து 2 ஓம் கொண்டுவர வழியே இல்லை. ஒன்று 1 ஓம், அல்லது 4 ஓம், அல்லது 16 ஓம். 4 ஓமில் ஆம்ப்ளிஃபயர் தரும் வாட் முன்பைவிடக் குறையும். எனினும் இரண்டு கூம்பு அசைவதால் பாஸ் குறையாது’ என்று வண்டிக்காரர்க்கு எடுத்துரைப்பார். அவ்வாறு எடுத்துரைக்கும் இளைஞரை எவரும் ஹெல்ப்பர் என்று அழையார்.

பிரிட்ஜ் என்னும் இணைப்பைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு சானல்களைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை இயக்குவது பிரிட்ஜ். அப்போது ஒவ்வொரு சானலும் அந்த ஸ்பீக்கரின் தடையில் பாதியையே உணரும். 4 ஓம் சப்ஊஃபரைப் பிரிட்ஜில் முடிந்தால் ஒவ்வொரு சானலுக்கும் அது 2 ஓம் சுமை. இதனாலேயே, தனிச் சானலுக்கு 2 ஓம் எனக் குறித்தவர்கள் பிரிட்ஜுக்கு 4 ஓம் எனக் குறிக்கின்றனர். இன்னொன்றையும் மறவற்க. ஸ்பீக்கரின் கழித்தல் ஒயரைக் காரின் பாடியில் எர்த் செய்தல் கூடாது. அது ஆம்ப்ளிஃபயருக்கே திரும்ப வேண்டும்.

அடுத்து, பாட்டரியிலிருந்து வரும் ஒயர். பெட்டியின் மேல் 3000 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்தைப் பாராமல் ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியுள்ள பியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் பியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 60 ஆம்பியர். 60ஐ 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828 வாட். உள்ளே செல்லக்கூடியதே 828 வாட் எனில் வெளியே 3000 வாட் இடைவிடாமல் வருவது எங்ஙனம்? டி வகை ஆம்ப்ளிஃபயர் உட்கொள்வதில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கை ஒலியாற்றலாக்கும். ஆகவே சுமார் 660 வாட். ஏபி வகை ஏறத்தாழ பாதியை வெப்பமாக இழக்கும். ஆகவே சுமார் 400 வாட். உழைத்துச் சேர்த்த பணத்தைப் பெட்டி எழுத்தை நம்பி இழப்பவர்க்கு இந்த ஒரு பெருக்கல் கணக்கு கவசமாகும்.

60 ஆம்பியர் என்பது சிறிய ஓட்டமன்று. எஞ்சின் பக்கத்திலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் ஒயர் ஓட வேண்டும் எனக் கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம் தடை உடையது. வீட்டு வேலையில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ஒருவர் இழுத்தால் 5 மீட்டருக்கு 0.034 ஓம். 60 ஆம்பியர் பாய்கையில் 2 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே தொலையும். தொலைவது மறைவதில்லை, ஏறத்தாழ 122 வாட் வெப்பமாகும். கால்மிதிக்குக் கீழே இரண்டு 60 வாட் குண்டு பல்புகளை எரியவிட்டுப் படுக்க வைத்தது போன்றதே அது! அதற்குப் பதிலாக 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் இட்டால் இழப்பு 0.32 வோல்ட், வெப்பம் 19 வாட். கேஜ் கணக்கில் வாங்குவோர் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும் என்பதை அறிக. 8 கேஜ் ஏறத்தாழ 8 சதுர மில்லிமீட்டர், 4 கேஜ் ஏறத்தாழ 21 சதுர மில்லிமீட்டர். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரும் மலிவாகக் கிடைக்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அலுமினியத்தின் தடை செம்பைப் போல் சுமார் 1.6 மடங்கு, ஆகவே அதே பருமன் போதாது.

ஒயர் தடித்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. பாட்டரியின் கூட்டல் முனையிலிருந்து அரை மீட்டருக்குள், இயன்றால் இன்னும் அருகில், ஒரு பியூஸ் இருந்தே தீர வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் உள்ள பியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்கும். வழிநெடுக உள்ள ஒயரைக் காப்பது பாட்டரி அருகே உள்ள பியூஸ். தகட்டுத் துளையின் விளிம்பு ஒயரின் உறையை நாளடைவில் அறுத்து, செம்பு பாடியைத் தொட்டால், பாட்டரி சில நூறு ஆம்பியரை ஒரே மூச்சில் கக்கும். பியூஸ் இருந்தால் அது உருகி ஓட்டம் நிற்கும். இல்லையேல் ஒயர் பழுத்து, கம்பளம் பற்றி, வண்டியே எரியும். வண்டிக்குள் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பியூஸின் அளவு ஒயர் தாங்கும் அளவை மீறலாகாது. அடிக்கடி போகிறதே என்று பெரிய பியூஸ் இடுவதும், கம்பியைச் சுற்றி வைப்பதும் காவலனைத் தூங்கவைப்பதற்கு ஒப்பாகும்.

வேலையின் வரிசையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் பாட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றுக. எல்லாம் முடிந்த பின் அதனையே கடைசியில் மாட்டுக. எஞ்சின் தகட்டைக் கடக்குமிடத்தில் ஒயருக்கு ரப்பர் புஷ் இடுக. எங்கேனும் துளையிடுமுன் மறுபுறம் பெட்ரோல் தொட்டியோ பிரேக் குழாயோ உள்ளதா என்று குனிந்து பார்க்க. எர்த் ஒயர் பாட்டரி ஒயருக்கு நிகரான பருமனோடு, இயன்ற அளவு குறுகியதாக இருக்க வேண்டும்; முடியுமிடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் லக் வைத்து இறுக்குக. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுத்தல் ஆகாது. அது உயிர் காக்கும் போல்ட். ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்சிஏ ஒயரைப் பாட்டரி ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுசெல்க. எஞ்சினை முடுக்க முடுக்க ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் ஏறினால், பெரும்பாலும் எர்த் சரியில்லை, அல்லது இவ்விரு ஒயர்களும் ஒட்டிக் கிடக்கின்றன என்று பொருள். ஸ்டீரியோவின் ரிமோட் ஒயர், பெரும்பாலும் வெள்ளைக்கோடு இட்ட நீல ஒயர், ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதும் உறங்கவைப்பதுமாகும். அதனை நேரே பாட்டரியில் முடிந்தால் ஆம்ப்ளிஃபயர் இரவெல்லாம் விழித்திருந்து பாட்டரியைத் தின்றுவிடும்.

மஞ்சள் உறையிட்ட ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக் ஒயர்கள். அவற்றைச் சுரண்டவோ சோதிக்கவோ கூடாது. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் செம்மஞ்சள் நிறத் தடித்த கேபிள்களைக் காணலாம். அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் பாய்வதுண்டு. தொட்டவர்க்கு மறுவாய்ப்பு இல்லை. அவ்வண்டிகளிலும் பெரும்பாலும் தனியே 12 வோல்ட் பாட்டரி உண்டு. நம் வேலை அதனோடு நிற்கட்டும்.

கூட்டலும் கழித்தலும் மாறாமல் முடிவதும் கணக்கே. இடக்கதவு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது வலக்கதவினுடையது பின்னே போனால், ஒன்று தள்ளிய காற்றை மற்றொன்று இழுத்துக்கொள்ளும். பாஸ் ஒலி காணாமற்போகும். முனைகளில் குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றைக் கணநேரம் தொட்டுக் காட்டுக. கூம்பு வெளியே வந்தால் செல்லின் கூட்டல் தொட்ட முனையே ஸ்பீக்கரின் கூட்டல்.

ஆம்ப்ளிஃபயரில் ‘கெயின்’ என்றொரு திருகு உண்டு. பலர் அதனை வால்யூம் என்று எண்ணி முழுதும் திருகிவிடுகின்றனர். ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அளவு பொருத்துவதே அதன் வேலை. எல்லை மீறினால் ஒலியலையின் முகடு வெட்டுப்பட்டுச் சிதையும். சுருள் சூடேறிக் கருகும். இதற்கும் ஓம் ஐயாவின் கணக்கே துணை. வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் காண்க. 4 ஓமில் 250 வாட் மெய்யாகத் தரும் ஆம்ப்ளிஃபயர் எனில் 1000இன் வர்க்கமூலம் 31.6 வோல்ட். சப்ஊஃபரைக் கழற்றி வைத்து, பாஸ் பூஸ்டைச் சுழியில் நிறுத்தி, ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துக் கெயினை மெல்லத் திருகுக. மீட்டர் 31.6ஐ நெருங்கியவுடன் நிறுத்துக. சப்ஊஃபருக்கு லோ பாஸ் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் மட்டும் அதற்குச் செல்லும். கதவு ஸ்பீக்கர்களுக்கு அதே அளவில் ஹை பாஸ் வைத்தால் அவை வீண் சுமையின்றித் தெளிவாகப் பாடும். வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் கேட்கும் மாணவர்க்கு இதோ விடை!

ஓசையின் அளவு குறித்தும் ஆசிரியர் என்ற முறையில் கூறாதிருக்க இயலவில்லை. வாட்டை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே, 500 வாட்டை 1000 வாட்டாக மாற்றக் கடன் வாங்குபவர் பெறும் பயன் மிகச் சிறிது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்டல் தீது என்பர். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அக்கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே எல்லை. நாள்தோறும் கடையில் சோதனை ஒலி கேட்கும் தொழிலாளியின் காதே முதலில் கெடும். கெட்ட செவி நரம்பு திரும்ப வளர்வதில்லை. காதடைப்பான் வைத்துக்கொள்வது கோழைத்தனமன்று. தெருவில் நோயாளரும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் உள்ளனர் என்பதையும் வண்டிக்காரர்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இளைஞர்களே! இதுவரை நாம் கையாண்ட கணக்குகள் கூட்டல், பெருக்கல், வகுத்தல், ஒரு வர்க்கமூலம் என்பனவே. இவற்றுள் எதுவும் நம் பிள்ளைகளின் அறிவுக்கு எட்டாததன்று. எட்டாததுபோல் தோற்றுவிப்பது பழக்கம்; கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்னும் அச்சம்; ‘உனக்கு எதற்கு அதெல்லாம், சொன்னதைச் செய்’ என்னும் ஒரு சொல். அச்சொல்லுக்கு எதிர்ச்சொல் பேச வேண்டுவதில்லை. சட்டைப் பையில் ஒரு பென்சிலும் சிறு குறிப்பேடும் இருந்தால் போதும். பொருத்தும் ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை ஓம், எத்தனை ஆம்பியர், எந்த ஒயர், எந்த பியூஸ் என்று எழுதிவைத்துவாருங்கள். ஓராண்டில் அக்குறிப்பேடு உங்களுக்கு ஒரு பாடநூலாகும். பழி வரும் நாளில் அதுவே உங்கள் சாட்சியுமாகும்.

பத்தாம் வகுப்பை இடையில் விட்டோர் தனித்தேர்வு எழுதலாம். தேர்ந்தோர் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் முதலிய பிரிவுகளில் சேரலாம். இவை ஆண்பிள்ளைகளுக்கென்றே விதிக்கப்பட்டவை அல்ல. மல்டிமீட்டர் தன்னைப் பிடித்திருப்பது எவர் கை என்று பார்ப்பதில்லை. நம் கழகத்தின் மாலை வகுப்பறையில் ஒரு பழைய பாட்டரியும், இரண்டு ஸ்பீக்கரும், ஒரு மல்டிமீட்டரும் இடம்பெறுமாயின், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓம் விதியைக் கையால் தொட்டு அறிவர். அதற்காகும் செலவு பெரிதன்று. செயற்குழுவினர் இதனை ஏற்று ஆவன செய்வார்கள் என்று நம்புகிறோம்.

இனி ஒரு வண்டிக்காரர் உங்களிடம் வந்து, “தம்பி, இதையும் சேர்த்துவிடு” என்று கூறும்போது, ஒயரை எடுக்குமுன் ஒரு வினா வினவுங்கள்: “ஐயா, இது எத்தனை ஓம்?”